லித்தியத்துக்கு ஒரு பத்தியம்

1

எங்கள் மகளுக்குத் தமிழினி என்று பெயர் வைத்தோம். பெயரோடு சரி. பள்ளிக்கூடம், தோழிகள், சண்டை, சிரிப்பு எல்லாம் அவளுக்கு ஜெர்மன் மொழியில்தான். என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் தமிழை எடுப்பாள். ஷ்டுட்கார்ட் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் வளர்ந்த பிள்ளையிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? நானும் வாரத்தில் ஆறு நாள் பொறுத்துக்கொள்வேன், ஏழாம் நாள் கத்துவேன்.

எட்டு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை மேசையில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஏழு நாளுக்கு ஏழு அறை. ஒவ்வொரு மூடியிலும் கிழமையின் முதல் இரண்டெழுத்து. திங்கள் 'மோ', செவ்வாய் 'டி', புதன் 'மி'. கட்டிய கணவர்கூட என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. இந்த டப்பா செவ்வாய்க்குச் செவ்வாய் கூசாமல் கூப்பிடுகிறது.

தமிழினி எதிரே வந்து நின்றாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"அம்மா, நீ பத்தியமா?"

நான் சிரித்துவிட்டேன். பத்தியம் என்பது அவள் வாயில் வருகிற சொல்லே இல்லை. பத்தியச் சோறு, பத்தியக் குழம்பு எல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டேன். அவள் முகம் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் கேட்டது பத்தியம் இல்லை, பைத்தியம். 'பை'யைப் 'ப' ஆக்கிவிட்டாள், அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தோம். அரூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், என் பெரியம்மா மகள் இன்னொருத்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு மாறியது. எனக்குப் பழகிப்போன பேச்சு, பழகிப்போன மாற்றம். தமிழினி அவர்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குத்தான் தமிழ் புரியாதே என்று எல்லோரும் நினைத்தோம்.

2

இதை ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். என் பெரியம்மா மகள் உட்பட. கோபத்தில் இல்லை அக்கா, முழுசாகத் தெரிந்துகொண்டு பேசு என்பதற்காக.

எனக்கு இருப்பது இருதுருவ மனநிலைக் கோளாறு. டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். பதினான்கு வருடத்துக்கு முன்பு, தலைப்பிரசவத்துக்கு மொரப்பூர் பக்கம் எங்கள் அம்மா வீட்டில் இருந்தபோது வந்தது. கணவர் அப்போதே ஜெர்மனியில் வேலையில் இருந்தார். குழந்தை பிறந்து பத்து நாள் இருக்கும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தூக்கம் வரவில்லை என்ற வருத்தம் இல்லை. தூக்கமே வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் கண்ணை மூடினால் போதும், எழுந்து வாசல் பெருக்கி, மாட்டுக்குத் தண்ணீர் வைத்து, பாத்திரம் அத்தனையும் தேய்த்துக் கவிழ்த்துவிடுவேன்.

இதில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் ஏமாந்தார்கள். காட்டு வேலை பார்க்கிற ஊர். படுத்துக் கிடப்பவளைத்தான் அங்கே நோயாளி என்பார்கள். ஓடியாடி வேலை செய்பவளை யார் நோயாளி என்று சொல்வார்கள்? "பிள்ள பெத்தவ மாதிரியா இருக்கறா, என்னா சுறுசுறுப்பு பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திருஷ்டி சுற்றிப் போட்டார்.

பேச்சும் வேகம் பிடித்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது வந்து முட்டும். மாங்கூழ் ஏற்றுமதி செய்யப் போகிறேன் என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். அரூர் பேருந்து நிலையத்தில் தக்காளி விற்ற ஒரு பெண்ணின் காது மூளியாக இருப்பதைப் பார்த்து என் கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா பயந்துபோய், "இந்தப் பொண்ணு யாரு வூட்டுப் புள்ளைங்க?" என்று விசாரித்து விசாரித்து, மறுநாள் கம்மலை எங்கள் அம்மாவிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்து நடந்ததைத்தான் நான் தமிழினியிடம் பதினான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு காலை, பதினாறு நாள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ரயிலேறி நேராக ஜெர்மனிக்குப் போய்விடலாம் என்று நம்பினேன். நடைமேடையில் அண்ணன் வந்து கையைப் பிடித்தபோது, "என்னை விடு, எனக்காக ரயிலை நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றேனாம். அந்த நேரமெல்லாம் தொட்டிலில் கிடந்த குழந்தையின் ஞாபகம் எனக்கு ஒரு துளிகூட வரவில்லை. பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அப்போதும் வரவில்லை.

அதற்குப் பிறகு இறக்கம். ஒன்றரை மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். குளிக்க எழுவதே மலை ஏறுவதுபோல் இருந்தது. குழந்தை அழுதால் காதில் விழும், ஆனால் மனதுக்குள் போகாது. நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. அது என் நினைப்பு இல்லை, நோய் என் குரலில் பேசிய பேச்சு. அப்படி ஒரு நினைப்பு உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ வந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை. குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, என்னை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தருமபுரி பஸ் ஏறினார்.

3

பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு முன்னால் நீளமான வரிசை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே இருந்த டாக்டர் அம்மா எனக்கு முதலில் சொன்னதே, "முகத்த தெறங்க, காத்து வரட்டும்" என்பதுதான்.

அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் தூக்கத்தைப் பற்றி. எத்தனை மணிக்குப் படுப்பாய், எப்போது எழுவாய், தூங்காத நாளில் களைப்பு இருந்ததா இல்லையா. பிறகு விளக்கினார்.

"பைபோலார்னு இதுக்குப் பேருங்க. மனசு ஒரேடியா மேல போவும், அப்புறம் ஒரேடியா கீழ எறங்கும். நடுவுல மாசக்கணக்கா, வருசக்கணக்கா எல்லாரையும் மாதிரி நல்லாவே இருப்பீங்க. அப்ப என்ன பண்ணுவீங்கன்னா, 'எனக்குத்தான் சரியாயிடுச்சே'ன்னு மாத்திரைய நிறுத்துவீங்க. அங்கதான் மறுபடியும் கெடும்."

இறக்கத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிலருக்கு அதுவே தூக்கி மேலே ஏற்றிவிடும் என்றும், அதனால் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துகிற மருந்துதான் வேண்டும் என்றும் சொன்னார். அம்மா நடுவில் புகுந்து, "காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிருக்குமாங்க? இல்ல நான் வளத்ததுல கொறையா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லம்மா. சக்கர, பிரசர் இருக்கற மாதிரி இதுவும் ஒரு கோளாறு. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வெளிய வரும். உங்க பொண்ண நேரத்துக்குக் கூட்டியாந்துட்டீங்க, அதுவே பெரிசு."

அம்மா அப்போதுதான் அழுதார்.

கணவர் விடுப்பு போட்டு ஓடி வந்தார். அவருக்குச் சொந்த ஊர் அதியமான்கோட்டை. பெண்ணை அனுப்பிவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்று அவர் பக்கத்தில் ஒரு பெரியவர் ஆரம்பித்தார். இவர் அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார்.

"ஒடம்பு சரியில்லைன்னா மாத்திர குடுப்பாங்களா, இல்ல பொண்டாட்டிய மாத்துவாங்களாங்க?"

பெரியவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நான் இவருடைய எத்தனையோ குறட்டைகளை மன்னித்திருக்கிறேன்.

குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கடித்த பிறகு எனக்கு லித்தியம் ஆரம்பித்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளை மாத்திரை. அது ஒருவகை உப்பு என்றார் டாக்டர் அம்மா. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும், வலி மாத்திரை கேட்காமல் போடக் கூடாது, சாப்பாட்டில் உப்பு எப்போதும் போல இருக்க வேண்டும். எல்லாம் சொன்னார். தலையை ஆட்டினேன். தண்ணீர் ஞாபகம் இருந்தது, வலி மாத்திரை ஞாபகம் இருந்தது. உப்பை மறந்துபோனேன்.

4

தமிழினிக்கு இரண்டு வயது ஆனபோது ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். இந்த ஊரில் ஒரு டாக்டரைப் பார்க்க இன்னொரு டாக்டரின் சீட்டு வேண்டும். மூன்று மாதம் முடிந்தால் சீட்டும் முடிந்துவிடும், புதுச் சீட்டுக்கு மறுபடி முதலிலிருந்து வரிசை. விதியை மாற்றினாலும் மாற்றலாம், இவர்கள் படிவத்தை மாற்ற முடியாது.

முதல் தடவை போனபோது மருத்துவமனைப் பெண் என்னிடம் ஷ்பீகல் பார்க்க வேண்டும் என்றாள். மொழி வகுப்பில் அந்த வாரம்தான் வீட்டுப் பொருள்களின் பெயர்கள் படித்திருந்தேன். ஷ்பீகல் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. பைக்குள் கைவிட்டு, பவுடர் டப்பாவோடு இருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அதிலேயே தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு திருப்பிக் கொடுத்தாள். ரத்தத்தில் மருந்தின் அளவுக்கும் இவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது ஊசி குத்தும்போதுதான் தெரிந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரத்தப் பரிசோதனைக்குக் 'கண்ணாடி பார்ப்பது' என்றுதான் பெயர்.

5

இங்கே வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். வாரா வாரம் வீடியோவில் அம்மாவைப் பார்ப்பேன். மருந்தில் எனக்குக் கொஞ்சம் உடம்பு போட்டிருந்தது.

"ஏம்பாப்பா, மூஞ்சி ஊதிப் போச்சு? மருந்து சாப்படறப்ப பத்தியம் ஏதாச்சும் இருக்கறியா?"

"இல்லைம்மா, அதெல்லாம் யாரும் சொல்லலை."

"அவங்களுக்கு என்னா தெரியும்? அண்ணனுக்குக் காமால வந்தப்ப கீழாநெல்லி குடுத்து உப்பே காட்டாம வெச்சிருந்தன், மருந்து எப்படிப் புடிச்சுது? ஒரு மண்டலம் உப்ப நிறுத்திப் பாரு கண்ணு. மருந்து நல்லா ஏறும். அப்புறம் மாத்திரையே வேண்டாம்னு சொல்லிடுவாங்க."

மாத்திரையே வேண்டாம். அந்தச் சொல்லுக்குத்தான் நான் மயங்கினேன். அம்மாவும் அதற்காகத்தான் சொன்னார். மருந்தென்றால் பத்தியம், பத்தியமென்றால் முதலில் உப்பை நிறுத்து. எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நாற்பத்தெட்டு நாள் கணக்குப் போட்டு ஆரம்பித்தேன். கணவரிடம், உடம்பு குறைக்கிறேன் என்றேன். அம்மா சொன்னது பலித்தது. மருந்து நன்றாகவே ஏறியது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உடம்பு லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அது ரத்தத்தில் விஷமாகச் சேரும் என்பது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் நாள் காலை கை நடுங்கித் தம்ளர் விழுந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. நடந்தால் கால் எங்கோ போனது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, தமிழினியைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் முறையாக அந்தக் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நான் தெரிந்த ஜெர்மன் எல்லாம் மறந்து தமிழில் குழறிக்கொண்டிருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஒலிபெருக்கியைப் போட்டு என் தலைமாட்டில் வைத்தார். ஒரு பெண் குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"

நான் ஏதோ சொன்னேன். குரல் டாக்டரிடம் ஜெர்மனில் சொன்னது. டாக்டர் தலையசைத்துவிட்டு மனநலப் பிரிவுக்குப் பேச இன்னொரு போனை எடுத்தார். பிற்பாடுதான் தெரிந்தது, 'எனக்குப் பைத்தியம்' என்று நான் சொன்னதாக அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. குழறுகிற நாக்கில் வேறு எப்படி விழும்?

அவர் அதோடு விட்டிருக்கலாம். சொன்னதை மாற்றிச் சொல்வதுதான் அவர் வேலை, அதைச் செய்து முடித்துவிட்டார். விடவில்லை.

"டொக்டர், ஒரு நிமிசம்" என்று ஜெர்மனில் அவரை நிறுத்தினார். பிறகு என்னிடம், "அம்மா, ஒருக்கா ஆறுதலாச் சொல்லுங்கோ. பைத்தியம் எண்டோ சொன்னனீங்கள், பத்தியம் எண்டோ?"

"பத்... பத்தியம்ங்க."

"பத்தியமோ? எந்த மருந்துக்கு?"

"லித்தியம்."

"லித்தியத்துக்கு என்ன பத்தியம் இருந்தனீங்கள்?"

"உப்பு... உப்பில்லாம."

 அவர் உடனே ஜெர்மனில் உரக்கச் சொன்ன இரண்டு சொற்கள் எனக்கே புரிந்தன. ஒன்று லித்தியம். இன்னொன்று உப்பு. டாக்டர் கையில் இருந்த போனை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். ரத்தம் எடுத்தார்கள். அளவு வரக் கூடாத இடத்துக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் எந்திரத்தில் போட்டிருப்பார்களாம். போடவில்லை. நரம்பில் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். என்ன மருந்து என்று மறுநாள் கேட்டேன். உப்புத் தண்ணீர் என்றார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பிட்டவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நன்றி சொல்ல வேண்டும், பெயர் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். தரவுப் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சொல்ல இயலாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே மரியாதை, அதே பதில். இப்போதும் தமிழ்க் கடையில் யாராவது 'எண்டு' என்றால் கூடையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். ஒருவேளை நீங்கள் இதைப் படித்தால், அக்கா, நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்குத்தான் முதல் நன்றி.

6

இனி அம்மாவைப் பற்றி. கணவர் அம்மாவிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. "அத்தை, இந்த மருந்துக்கு உப்பு வேணுமாங்க, நமக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னார். அம்மா, "நான் ஒன்னு நெனச்சன்..." என்று தொடங்கி முடிக்காமல் போனை வைத்துவிட்டார்.

அதைப் பற்றி அம்மா பிறகு பேசவே இல்லை. ஆனால் ஊரிலிருந்து யார் ஜெர்மனிக்கு வந்தாலும் ஒரு கிலோ கல்லுப்பு வரும். ஊறுகாய் இருக்கும், புளி இருக்கும், அடியில் துணியில் கட்டிய உப்பு இருக்கும். உப்பை எப்போதும் போலத்தான் போட வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று டாக்டர் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு கிலோ உப்பு எங்களுக்கு இரண்டு மூன்று மாதம் வரும். கணவர் கேலி செய்வார். "உங்கம்மா நம்ம வூட்டுக்குக் கடலையே பார்சல் போடறாங்க" என்பார்.

இந்தக் கோடையில் கிளம்புகிற அன்று பெட்டி எடை கூடிவிட்டது. நான் யோசிக்காமல் உப்பு மூட்டையை எடுத்து வெளியே வைத்தேன். "உப்பு அங்கேயே கிடைக்குதும்மா, இதைப் போய் யார் சுமக்கறது" என்றேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காரில் ஏறிய பிறகு, நான் எதை வெளியே எடுத்து வைத்தேன் என்று புரிந்தது. கார் அப்போது தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போக நேரமில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் அம்மா, "தூங்கறியா? மாத்திர போடறியா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்ன சமைத்தாய் என்று கேட்பதுகூட இல்லை.

7

தமிழினி கதவைச் சாத்திய அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"சொல்லிடு செல்வி" என்றார். "அரூர்ல கேட்டதோட அவ நின்னுட்டா, அதுதான் அவளுக்கு உண்மையாயிடும்."

"தொட்டில்ல விட்டுட்டுப் போனதையுமா?"

"அதையுந்தான்."

இந்த மனிதருக்கு என் நோயின் வாடை என்னைவிட முன்பே தெரிந்துவிடும். காலை ஐந்து மணிக்கு நான் வீடு சுத்தம் செய்தால், தொடர்ந்து மூன்று சொந்தக்காரருக்குப் போன் போட்டால், 'எனக்குத் தூக்கமே தேவையில்லைங்க' என்று குதூகலமாகச் சொன்னால், பேசாமல் டாக்டருக்கு நேரம் வாங்கிவிடுவார். பதினோரு வருடத்தில் இரண்டு முறை அப்படி வாங்கியிருக்கிறார். இரண்டு முறையும் மருந்தைக் கொஞ்சம் மாற்றி, தூக்கத்தைச் சரிசெய்து, ஆஸ்பத்திரியில் படுக்காமல் தப்பித்தேன். அவர் சொன்னால் நான் கேட்பேன். இதிலாவது.

செவ்வாய்க்கிழமை என் கண்ணாடி நாள். "நீயும் வர்றியா?" என்று தமிழினியிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினாள், ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனோம். அவர் அவளிடம் நேராக, அவளுடைய மொழியில் விளக்கினார். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து என் நோயைப் பற்றி அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டேன். கடைசியில் அவள் மெதுவாக, எனக்கும் வருமா என்று கேட்டாள்.  மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தாய்க்கு இந்த நோய் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்றார். நன்றாகத் தூங்கு, மனது கட்டுமீறி ஏறினாலோ இறங்கினாலோ யாரிடமாவது சொல், வந்தாலும் மருந்து இருக்கிறது, உன் அம்மாவைப் பார் என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன்.

திரும்பும்போது டிராமில் எல்லாவற்றையும் சொன்னேன். கம்மல், ரயில், தொட்டில், உப்பு, யாழ்ப்பாணக் குரல், அம்மா, எடை கூடிய பெட்டி. தமிழும் ஜெர்மனும் கலந்து வந்தது. தொட்டிலைச் சொல்லும்போது அழுதேன். எதிரே இருந்த ஆள் நாகரிகமாகச் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

 தமிழினி ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ போனப்போ, என்னை யாரு பாத்தாங்க?"

"ஆயாதான்." என் அம்மாவை அவள் ஆயா என்றுதான் கூப்பிடுவாள்.

"தருமபுரி ஆஸ்பத்திரி போனப்பவும்?"

"ஆயாதான் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. உன்னையும் என்னையும்."

இறங்கும் இடம் வந்தது. அவள் பல மாதங்களுக்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்காகப் பிடித்தாளாகவும் இருக்கலாம். நான் காரணம் கேட்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. டப்பாவை நிரப்பி முடித்து, அம்மாவைக் கூப்பிட்டேன். திரையில் அம்மா முகம் வந்தது. "தூங்கறியா? மாத்திர போடறியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தமிழினி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வழக்கமாக ஒரு 'ஹாய் ஆயா' சொல்லிவிட்டு ஓடுகிற பெண்.

"ஆயா, அம்மா பைத்தியம் இல்ல. பத்தியம்" என்றாள். 'பை' என்பதை அழுத்தமாக, சரியாகச் சொன்னாள். பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

அம்மா திகைத்துப்போய், "ஆமாங்கண்ணு" என்றார்.

"உப்பு தீந்து போச்சு ஆயா. அனுப்பு."

திரையில் அம்மாவின் முகம் அசையவே இல்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு முந்தானை வந்து கண்ணைத் துடைத்தது.

"எத்தன கிலோ சாமி வேணும்? நம்மூரு ஆளு ஒருத்தரு அடுத்த மாசம் அங்க வராங்களாம். நான் குடுத்து வுடறன். உங்கம்மா இன்னிக்கி என்னா கொழம்பு வெச்சா?"

நான் அலமாரியைப் பார்த்தேன். ஜாடியில் பாதிக்கு மேல் உப்பு இருந்தது. தமிழினியும் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனைச் சற்றுத் திருப்பி ஜாடி தெரியாமல் பிடித்துக்கொண்டாள்.